லாபம் பாராத இணைய வானொலிக்கும் உரிமம் வேண்டுமா?

கல்லூரி நூலகராகப் பணியாற்றும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பழைய திரைப்பாடல்களிலும் கர்நாடக இசையிலும் தோய்ந்த ஏறக்குறைய அறுநூறு பேர் கொண்ட இணையக் குழு ஒன்றை அவர் சில ஆண்டுகளாக நடத்திவருகிறார். அந்தக் குழுவுக்கென்று 24 மணி நேரமும் ஒலிக்கும் இணைய வானொலி ஒன்றைத் தொடங்க உறுப்பினர்கள் விரும்புகிறார்கள். எட்டுப் பேர் ஊதியமின்றி நிகழ்ச்சி தொகுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் தம்மிடமுள்ள 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகளையும், தம் தந்தையார் சபாக்களில் அமர்ந்து பதிவுசெய்த கச்சேரி ஒலிநாடாக்களையும் கணினிக்கு மாற்றித் தந்திருக்கிறார். டொராண்டோவில் குடியுரிமை பெற்று வாழும் மற்றோர் உறுப்பினர் ஓராண்டுக்கான சர்வர் செலவை அனுப்பிவைக்க முன்வந்துள்ளார். சர்வரும் இணைய முகவரியும் வாசகியின் பெயரில், அவருடைய கடன் அட்டையில் வாங்கப்பட்டுவிட்டன.

விளம்பரமும் கட்டணமும் இல்லாதபோது யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று குழுவில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். லாப நோக்கமில்லாத மன்றங்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருப்பதாக ஒரு நண்பர் சுட்டிக்காட்டுகிறார். பழைய பாடல்களுக்கு உரிமைக் காலம் முடிந்திருக்கும் என்கிறார் ஒருவர். 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட குறிப்பின்படி இணைய வானொலிக்கும் சட்டமுறை உரிமம், அதாவது உரிமையாளர் மறுத்தாலும் நிர்ணயித்த தொகையைக் கட்டி ஒலிபரப்பும் உரிமை, உண்டு என்கிறார் இன்னொருவர். சர்வரை வெளிநாட்டில் வைத்துக்கொண்டால் இந்தியச் சட்டம் பொருந்தாது என்று மூன்றாமவர் ஆறுதல் சொல்லியிருக்கிறார். அரசு அனுமதி பெற வேண்டுமா, ராயல்டி கட்ட வேண்டுமா, கனடாவிலிருந்து வரும் பணத்தை வாங்கலாமா, வழக்கு என்று வந்தால் தம் வேலைக்கு ஊறு வருமா என்பவை வாசகியின் கேள்விகள். குடும்பத்தினர் அஞ்சுவதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் குழு செய்ய நினைப்பது மிகத் தேவையான பணி. பல கச்சேரிகளுக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே பிரதி, யாரோ ஒரு ரசிகர் வீட்டு அலமாரியில் ஈரம் பட்டுக்கொண்டிருக்கும் ஒலிநாடாதான். அவற்றைக் கேட்கத்தக்க நிலையில் காப்பாற்றி, இன்ன ராகம், இன்ன தாளம், பக்கவாத்தியம் இன்னார் என்று குறிப்பெழுதி, அறிந்தவர்கள் எடுத்துச்சொல்லக் கேட்கவைக்கும் ஒரு வானொலி நடக்க வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். அப்படி நடப்பது பத்து மாதத்தில் ஒரு வக்கீல் நோட்டீஸுக்கு அஞ்சி நின்றுவிடக் கூடாது என்பதால், சில இடங்களில் உங்கள் நண்பர்களின் கருத்தை மறுத்தே எழுத வேண்டியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமை உங்கள் கையில் இருக்கும் இசையைக் கொண்டு, நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் தொடங்குங்கள். திரைப்பாடல்களை நாள் முழுதும் ஒலிபரப்புவதை உரிமங்கள் கிடைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு அனுமதி பற்றிய கவலையை எளிதில் தீர்த்துவிடலாம். பண்பலை நிலையங்களும் சமுதாய வானொலிகளும் அலைவரிசையைப் பயன்படுத்துவதால் ஒன்றிய அரசின் அனுமதியைப் பெற வேண்டியிருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கிய அண்ணா பண்பலை அப்படி அனுமதி பெற்றுத்தான் நடக்கிறது. இணையத்தில் மட்டும் ஒலிக்கும் நிலையத்துக்கு அலைவரிசை ஒதுக்கீடு தேவைப்படாததால் அந்த உரிமத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. செய்தியும் நாட்டு நடப்பும் ஒலிபரப்பாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அதற்கான காரணம் பணத்தைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

லாபம் இல்லை என்பது விலக்கு ஆகுமா

ஒரு திரைப்பாடலை ஒலிபரப்பும்போது மூன்று உரிமைகளைத் தொடுகிறீர்கள். பாடல் வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு, மெட்டு ஓர் இசைப் படைப்பு, இரண்டையும் சேர்த்துப் பதிந்த ஒலிப்பதிவு மூன்றாவது படைப்பு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இம்மூன்றுக்கும் தனித்தனியே உரிமையாளரையும் தனித்தனியே காலக்கெடுவையும் வைத்திருக்கிறது. மூன்றையும் பொதுமக்களுக்குக் கொண்டுசேர்க்கும் உரிமை அந்தந்த உரிமையாளருக்கே உரியது. கேட்பவரிடம் காசு வாங்கினால்தான் அது மீறல் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

உங்கள் நண்பர் சுட்டிக்காட்டிய விலக்கு 52-ஆம் பிரிவில் உண்மையிலேயே இருக்கிறது. லாப நோக்கமில்லாத மன்றமோ அதையொத்த அமைப்போ தன் நடவடிக்கைகளின் ஒரு பகுதியாக ஒலிப்பதிவை இசைக்கச் செய்தால் அது மீறல் ஆகாது. கட்டணமின்றி வந்தமர்ந்திருப்பவர்கள் முன்னால் ஆர்வலர் மன்றம் பாட்டைப் பாடிக்காட்டவும் இடமுண்டு. உங்கள் குழுவினர் ஒரு மண்டபத்தில் கூடி இசைத்தட்டுக் கேட்பு அமர்வு நடத்தினால் இந்த விலக்கை உரிமையோடு கோரலாம். ஆனால் உலகின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் திறந்து கேட்கக்கூடிய ஸ்ட்ரீமிங், ஒரு மன்றம் தன் கூடத்தில் ஒலிப்பதிவை இசைக்கச் செய்வதிலிருந்து வேறுபட்டது. அதைப் பொதுமக்களுக்குக் கொண்டுசேர்த்தல் என்றே சட்டம் வரையறுக்கிறது. இந்த விலக்கை நம்பி 24 மணி நேர நிலையம் நடத்தலாம் என்று நான் ஒருபோதும் எழுதித்தர மாட்டேன்.

காசு கொடுத்து வாங்கிய குறுந்தகடுதானே என்பதும் யூடியூபில் ஏற்கெனவே இருக்கிறதே என்பதும் இதே வகைதான். தகட்டை வாங்கியதால் தகடு உங்களுடையதாயிற்று. அதை ஒலிபரப்பும் உரிமை வரவில்லை. முப்பது நொடிக்குள் ஒலிபரப்பினால் குற்றமில்லை என்பது வெறும் செவிவழிச் செய்தி. எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களை ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சொல்வது நல்ல வழக்கம், அதை விடாதீர்கள். ஆனால் பெயரைச் சொன்னதாலேயே அனுமதி பெற்றதாக ஆகாது.

சட்டப்படி என்ன நேரக்கூடும் என்று கேட்டிருக்கிறீர்கள். தடையாணையும் இழப்பீடும் உரிமையியல் வழக்கில் வரும். தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம்வரை அபராதம். இது பிடியாணையின்றி நடவடிக்கை எடுக்கத்தக்க, பிணையில் விடத்தகாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் தீர்ப்பளித்தது. வணிக ஆதாயத்துக்காகச் செய்யாதபோது குறைந்தபட்சத் தண்டனைக்கும் கீழே இறங்க நீதிமன்றத்துக்கு அதே பிரிவு இடம் தருகிறது. லாபம் இல்லை என்ற வாதத்துக்குச் சட்டத்தில் உள்ள உண்மையான இடம் இதுதான். அது தண்டனையைக் குறைக்கலாமே தவிர மீறலை இல்லாமல் ஆக்காது. நடைமுறையில் பெரும்பாலும் முதலில் வருவது சர்வர் நிறுவனத்துக்கு ஒரு புகாரும் உங்களுக்கு ஒரு நோட்டீஸும்தான். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எந்தப் பழைய பாட்டு உண்மையில் விடுபட்டது

இந்தக் கேள்விக்கு உங்கள் குழு கொஞ்சம் உழைத்தால் மிகப் பயனுள்ள விடை கிடைக்கும். ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1964-ஆம் ஆண்டு முடிய வெளியானவற்றின் காலம் 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. ஒவ்வொரு ஜனவரி முதல் நாளும் இந்த எல்லை ஓர் ஆண்டு முன்னே நகரும். வரிகளுக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. படைத்தவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். இருவர் சேர்ந்து படைத்திருந்தால் கடைசியாக மறைந்தவரிலிருந்து எண்ண வேண்டும்.

உங்கள் நண்பரின் இசைத்தட்டுகளையே எடுத்துக்கொள்வோம். 1940-களில் எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடி வெளியான ஒரு தட்டு, ஒலிப்பதிவு என்ற அளவில் எப்போதோ விடுபட்டுவிட்டது. ஆனால் அதன் சாகித்தியம் பாபநாசம் சிவனுடையது என்றால், அவர் 1973 அக்டோபரில் மறைந்தவர் என்பதால் வரிகளுக்கான உரிமை 2033 டிசம்பர் 31 வரை இருக்கிறது. எண்பது ஆண்டு பழைய தட்டு என்பதால் மட்டும் ஒலிபரப்பிவிட முடியாது. மாறாக, 1959-இல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, 1963-இல் மறைந்த ஜி. ராமநாதன் இசையமைத்து, அந்நாளிலேயே இசைத்தட்டாக வந்த பாட்டு என்றால், வரிகள் 2019 முடிவிலும் மெட்டு 2023 முடிவிலும் விடுபட்டுவிட்டன, ஒலிப்பதிவும் விடுபட்டது. அதை நீங்கள் இந்தியாவில் தயக்கமின்றி ஒலிபரப்பலாம். கண்ணதாசன் வரிகளோ 2041 முடியும்வரை உரிமைக்குட்பட்டவை. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணைந்து அமைத்த மெட்டுகள், எம்.எஸ். விஸ்வநாதன் 2015-இல் மறைந்ததால், 2075 வரை செல்லும்.

நாட்டுடைமை ஆக்கப்பட்ட கவிஞர்களின் பாடல்கள் எல்லாமே பொதுச்சொத்து என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாரதியார் பாடல்களைப் பொறுத்தவரை ஐயமில்லை. அவர் 1921-இல் மறைந்தவர், காலக்கணக்கிலேயே அவை விடுபட்டவை. ஆனால் கவிஞரின் வாரிசுகளிடமிருந்து அரசு வாங்கி நாட்டுடைமையாக்கியது அவர்கள் கையில் அன்று இருந்த உரிமையை மட்டுமே. திரைப்படத்துக்காக எழுதிக்கொடுத்து, உரிமை தயாரிப்பாளரிடம் போய்விட்ட பாடல்களை அந்த ஆணையைக் காட்டி ஒலிபரப்ப முடியும் என்று நான் கருதவில்லை. கூலிக்கு அமர்த்திப் படத்துக்கு எழுதவோ இசையமைக்கவோ செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடுகிறவருக்குச் சட்டத்தில் எந்தப் பங்கும் இல்லையே என்று வருந்தித் தனிக்குறிப்பு எழுதினார். பாடகர்களுக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் உரிமை வர 1994-ஆம் ஆண்டுத் திருத்தம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தம் பங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடி செய்தது 2012-ஆம் ஆண்டுத் திருத்தம். ராயல்டி என்றாலே கம்பெனிகளின் கொள்ளை என்று உங்கள் குழுவில் ஒருவர் பேசியதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த வரலாற்றை அவருக்கும் சொல்லுங்கள். நீங்கள் போற்றும் கலைஞர்களில் பலர் தம் பாட்டினால் வந்த வருமானத்தில் பங்கில்லாமலே மறைந்தவர்கள்.

உங்கள் நூலகப் பயிற்சி பெரிதும் உதவக்கூடிய இடமும் இதுதான். பாட்டு, தட்டின் எண், வெளியான ஆண்டு, எழுதியவர் மறைந்த ஆண்டு, இசையமைத்தவர் மறைந்த ஆண்டு, இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்ற விவரங்களோடு ஒரு பட்டியல் தயாரியுங்கள். ஒரு விவரம் உறுதியாகவில்லை என்றால் அந்தப் பாட்டை ஒலிபரப்ப வேண்டாம். ஒலிக்கோப்பை உங்கள் நண்பரின் தட்டிலிருந்தே எடுங்கள். கம்பெனிகள் பின்னாளில் மெருகேற்றி வெளியிட்ட பதிப்புகளைத் தொட்டால், அந்த மெருகேற்றலுக்குத் தனி உரிமை உண்டா என்ற வேண்டாத வழக்கில் சிக்குவீர்கள்.

கச்சேரி ஒலிநாடாக்கள்

உங்களிடமுள்ளவற்றில் விலைமதிப்பற்றவை இவைதான். மிகுந்த கவனம் தேவைப்படுபவையும் இவையே. தியாகராஜர் 1847-இலும், முத்துசுவாமி தீட்சிதர் 1835-இலும், சியாமா சாஸ்திரிகள் 1827-இலும் மறைந்தவர்கள். அவர்களது கீர்த்தனைகளை யாரும் பாடலாம், ஒலிபரப்பலாம். ஆனால் ஒரு வித்வான் சபாவில் பாடியதை நண்பரின் தந்தையார் பதிவுசெய்து வைத்திருக்கிறார் என்றால், அந்த நாடாவின் மேல் நண்பருக்கு உரிமை இருக்கலாம், அதில் ஒலிக்கும் பாட்டின் மேல் பாடியவருக்கு உரிமை இருக்கிறது. நிகழ்த்துக் கலைஞரின் உரிமை, கச்சேரி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள் நீடிக்கும். அது பாடியவருக்கு மட்டும் உரியதன்று. வயலினும் மிருதங்கமும் கடமும் வாசித்தவர்களும் சட்டத்தின் கண்ணில் நிகழ்த்துக் கலைஞர்களே. அவர்கள் சம்மதம் இல்லாமல் பதிந்ததை ஒலிபரப்புவது அவர்களுடைய உரிமையை மீறுவதாகும்.

இன்னொரு நுட்பத்தையும் உங்கள் நண்பருக்கு விளக்குங்கள். ஒலிப்பதிவின் 60 ஆண்டுக் கணக்கு வெளியீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஒருபோதும் வெளியிடப்படாத வீட்டு நாடாவுக்கு அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். ஆகவே ஐம்பதுகளில் எடுத்தது, அறுபதுகளில் எடுத்தது என்ற பழமையை மட்டும் நம்பாதீர்கள். வானொலியிலிருந்து வீட்டில் பதிந்தவற்றில் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 25 ஆண்டுகள் தனி உரிமை உண்டு. அதற்கு மேல் அந்த நிறுவனமே எடுத்த ஒலிப்பதிவின் உரிமையும் இருக்கிறது. ஆகாசவாணியில் பதிந்த கச்சேரிகளை, அதை நடத்தும் பிரசார் பாரதியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

எஞ்சியுள்ள தனியார் நாடாக்களுக்கு நான் சொல்லும் வழி மெதுவானது. ஒவ்வொரு கலைஞரின் குடும்பத்துக்கும் கடிதம் எழுதுங்கள். எந்த நாளில் எந்த இடத்தில் நடந்த கச்சேரி, யாரெல்லாம் வாசித்தார்கள், எப்படி ஒலிபரப்பப்போகிறீர்கள், பதிவிறக்கத்துக்கு வைக்கமாட்டீர்கள் என்பதைத் தெளிவாக எழுதி, ஒலிக்கோப்பின் ஒரு பிரதியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுச் சம்மதம் கேளுங்கள். பல குடும்பங்களில் தாத்தாவின் குரல் ஒரு மணி நேரம்கூட இருக்காது. அந்தப் பிரதியே அவர்களுக்குப் பெரிய கொடை. ஒப்புக்கொண்டால் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்ட கடிதத்தை வாங்கி வையுங்கள். தொலைபேசியில் சொன்ன சம்மதம் நாளைக்கு உதவாது. மறுத்துவிட்டால் அதை மதித்து நாடாவைப் பாதுகாத்து மட்டும் வையுங்கள். குழுவில் பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களைக் கொண்டு மூவர் கீர்த்தனைகளைப் புதிதாகப் பதிவுசெய்து ஒலிபரப்புவதே சட்டத்தில் மிகத் தூய்மையான வழி. பக்கவாத்தியக்காரர்களிடமும் ஒரு பக்க ஒப்புதல் வாங்கினால் போதும், உலகம் முழுவதற்கும் அது செல்லும்.

உரிமம் பெறும் வழிகள்

2016-ஆம் ஆண்டுக் குறிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் உறுப்பினர் தவறான தகவல் தரவில்லை. அப்படி ஒரு குறிப்பாணை 2016 செப்டம்பரில் வெளிவந்ததுண்டு. சட்டத்தின் 31-டி பிரிவு, உரிமையாளர் மறுத்தாலும் முன்னறிவிப்பும் நிர்ணயித்த ராயல்டியும் கொடுத்து ஒலிபரப்ப வழிசெய்கிறது. அந்தப் பிரிவு இணைய ஒலிபரப்புக்கும் பொருந்தும் என்றது அந்தக் குறிப்பு. ஆனால் டிப்ஸ் என்ற இசைக் கம்பெனிக்கும் விங்க் என்ற இணைய இசைச் சேவைக்கும் இடையிலான வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில், அந்தக் குறிப்பு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றும், 31-டி வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமே உரியது என்றும் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. அந்த வழக்கு பதிவிறக்கச் சேவையையும் விரும்பிய பாட்டைத் தேர்ந்து கேட்கும் சேவையையும் பற்றியது, உங்களுடையது நேரலை என்று வேறுபடுத்தி வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை நடத்தும் செலவை உங்கள் குழு தாங்காது. இந்த வழி அடைபட்டது என்றே கொண்டு திட்டமிடுங்கள்.

எனவே உரிமையாளர்களிடம் நேரில் கேட்பதே வழி. வரிகளுக்கும் மெட்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் தன் உறுப்பினர்கள் சார்பில் உரிமம் தருகிறது. 1969-இல் தொடங்கிய அது பதிவுபெற்ற பதிப்புரிமைச் சங்கம். ஒலிப்பதிவுக்குத் தனியே இசைக் கம்பெனியிடம் போக வேண்டும். பழைய தமிழ் ஒலிப்பதிவுகளில் பெரும்பங்கு, முன்னர் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா என்று இயங்கிய சரிகம நிறுவனத்திடம் இருக்கிறது. சென்னையிலுள்ள தென்னிந்திய இசைக் கம்பெனிகள் சங்கத்தின் உறுப்பினர்களிடமும் கணிசமானவை உள்ளன. உங்கள் உறுப்பினர் ஒருவர் திரைப்பாடலைத் தாமே பாடிப் பதிந்து தந்தால் கம்பெனியின் ஒலிப்பதிவு தேவைப்படாது, வரிக்கும் மெட்டுக்குமான உரிமம் மட்டும் போதும். செலவு பெரிதும் குறையும். விண்ணப்பத்தில் சராசரி நேயர் எத்தனை பேர், நாளுக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்த நாடுகள் என்று கேட்பார்கள். ஐஸ்காஸ்ட் போன்ற இணைய ஒலிபரப்பு மென்பொருள் ஒவ்வொரு இணைப்பையும் பதிவேட்டில் குறித்துவைக்கும். அந்தப் பதிவேட்டையும் பாடல் பட்டியலையும் முதல் நாளிலிருந்தே அழிக்காமல் சேமியுங்கள்.

சர்வரை வெளிநாட்டில் வைப்பது பயன் தராது. தொகுப்பவர்களும் நீங்களும் நேயர்களில் பெரும்பாலோரும் இங்கே இருக்கும்போது இந்திய நீதிமன்றம் உங்களை விசாரிக்கும். கூடுதலாக வெளிநாட்டுச் சட்டமும் வந்து சேரும். அமெரிக்காவில் 2018-இல் வந்த சட்டம் 1972-க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கும் நீண்ட பாதுகாப்பு தந்திருப்பதால், இங்கே விடுபட்ட 1950-களின் தட்டுக்கு அங்கே காலம் முடிந்திருக்காது. அங்கே லாப நோக்கமற்ற இணைய நிலையங்களுக்குச் சட்டமுறை உரிமம் இருக்கிறது. 2021 முதல் 2025 வரை நிலையம் ஒன்றுக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 1,000 டாலர் என்று வைத்திருந்தார்கள். வரிக்கும் மெட்டுக்கும் அது பொருந்தாது, அவற்றுக்கு வேறு சங்கங்களை அணுக வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் ஒரே பாடகரின் பாட்டு நான்குக்கு மேல் ஒலிக்கக் கூடாது என்பதும் அந்த உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று. நீங்கள் திட்டமிட்டிருக்கும் பி.யு. சின்னப்பா மாலை அங்கே நடக்காது. திரைப்பாடல் நேரங்களில் இந்தியாவுக்கு வெளியே ஒலிபரப்பு செல்லாதபடி சர்வரில் நாடுவாரியாகத் தடுத்துவிடலாம். டொராண்டோ நண்பருக்கு வருத்தமாக இருக்கும்; கீர்த்தனை நிகழ்ச்சிகளையாவது அவர் தடையின்றிக் கேட்கலாம்.

ராயல்டிச் செலவை முன்கூட்டிக் கணக்கிடாமல் தொடங்கியதால் ஓய்ந்த நிலையங்கள் உண்டு. விளம்பரமே இல்லாமல் நேயர் நன்கொடையில் 2000-ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் சான் பிரான்சிஸ்கோவின் சோமா எஃப்.எம்., 2002-இல் அறிவிக்கப்பட்ட ராயல்டி விகிதத்தைத் தாங்க முடியாமல் ஒலிபரப்பை நிறுத்தியது. சிறு நிலையங்களுக்கு அதே ஆண்டு சலுகைச் சட்டம் வந்த பிறகே மீண்டது. ஆயிரக்கணக்கான சிறு நிலையங்களுக்கு இடமளித்திருந்த லைவ்365, சிறு நிலையங்களுக்கான சலுகை விகிதம் 2015-உடன் முடிந்ததும், 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த தன்னார்வலர்கள் ஒரே மாதத்தில் நிலையத்தை இழந்தார்கள். பின்னர் வேறு நிர்வாகத்தில் அது திரும்ப வந்தது என்றாலும், எல்லோரும் திரும்பவில்லை.

யார் பெயரில், யார் பணத்தில்

சர்வரும் முகவரியும் உங்கள் பெயரிலேயே இருப்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. இன்றைய நிலையில் நிலையம் என்பது சட்டப்படி நீங்கள்தான். ஏழு பேர் சேர்ந்து 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்யலாம். எட்டுத் தன்னார்வலர்கள் இருக்கிறீர்கள். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் நிரந்தரக் கணக்கு எண்ணும் வாங்கி, சர்வரை அதன் பெயருக்கு மாற்றுங்கள். எந்தப் பாட்டை ஒலிபரப்பலாம் என்று முடிவுசெய்யும் பொறுப்பை மூவர் குழுவிடம் துணை விதியிலேயே ஒப்படையுங்கள். பதிவு செய்துவிட்டால் தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, சங்கம் செய்த குற்றத்துக்கு அன்று அதை நடத்திய பொறுப்பாளர்களையும் பொறுப்பாக்குகிறது. உங்கள் கல்லூரியின் பணி விதிகளைப் பார்த்து, ஊதியமில்லாச் சங்கப் பொறுப்புக்கும் அனுமதி தேவை என்றிருந்தால் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டொராண்டோ நண்பரின் பணத்தை இப்போது வாங்காதீர்கள். அவர் கனடியக் குடிமகன் ஆகிவிட்டதால், தமிழராகவே இருந்தாலும், அவர் தருவது 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. பண்பாட்டு நோக்கம் கொண்ட அமைப்பு எதுவும் உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைப் பெறக் கூடாது. பதிவுக்கு மூன்று ஆண்டு நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் முதன்மைப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். புதுச் சங்கத்துக்கு அது எட்டாது. தனிப்பட்ட கணக்கில் வாங்கிக்கொண்டால் தவறில்லை என்பதும் சரியன்று, தனிமனிதரையும் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. செய்தி வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான்: செய்தியோ நாட்டு நடப்போ ஒலிபரப்பும் அமைப்பு வெளிநாட்டுப் பங்களிப்பு பெறுவதையே அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு தடைசெய்கிறது, பின்னாளில் திறக்கக்கூடிய கதவை இப்போதே மூடிக்கொள்ள வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ பணிபுரியும் உறுப்பினர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது; கடவுச்சீட்டின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். சர்வர் செலவு அப்படியொன்றும் பெரிதில்லை. நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு நேயருக்கு மணிக்கு ஏறக்குறைய 29 எம்.பி. ஆகும், நாளுக்கு நான்கு மணி நேரம், ஐம்பது நேயர் என்றால் மாதத்துக்கு 175 ஜி.பி.க்குள் அடங்கும். உள்ளூர் உறுப்பினர்களின் சந்தாவே அதற்குப் போதும்.

பழைய இலங்கை வானொலியின் அடையாள இசையையும் பெயரின் ஒரு பகுதியையும் பயன்படுத்த எண்ணியிருக்கிறீர்கள். அந்தத் தமிழ்ச் சேவையின் மேல் உங்கள் தலைமுறைக்கு இருக்கும் பற்று எனக்கும் உண்டு. அது இன்றும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக இயங்கும் நிறுவனம். அதன் பெயரும் இசையும் அதற்குரியவை. உங்கள் குழுவின் வீணைக் கலைஞர் ஒருவரிடம் புதிதாக ஓர் அடையாள இசை கேட்டு வாங்குங்கள், உரிமையையும் எழுத்தில் பெறுங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். சங்கப் பதிவு, பாடல் பட்டியல், குடும்பங்களுக்கான கடிதங்கள் மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம். சர்வரை அதுவரை திறக்காதீர்கள். திறந்திருந்தால் கடவுச்சொல்லிட்டுச் சோதனைக்கு மட்டும் வைத்திருங்கள். கீர்த்தனைகளும், மூன்று உரிமையும் விடுபட்ட தட்டுகளும், உங்கள் தொகுப்பாளர்களின் பேச்சும் கொண்டு நாளுக்கு நான்கு மணி நேரம் நிரப்ப முடிந்ததும் ஒலிபரப்பைத் தொடங்கி, ஆறு மாத நேயர் கணக்கோடு ஐ.பி.ஆர்.எஸ்.-க்கும் கம்பெனிகளுக்கும் விண்ணப்பியுங்கள். புகார் அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரியை நிலையத்தின் பக்கத்தில் தெளிவாகப் போடுங்கள். யாராவது உரிமை கோரி எழுதினால், சரியா தவறா என்று ஆராய்வதற்கு முன் அன்றே அந்தப் பாட்டை நிறுத்திவிட்டு, பெற்றுக்கொண்டோம், ஆவணங்களைப் பார்த்து எழுதுகிறோம் என்று இரண்டு வரியில் பதில் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸாக வந்தால் குழுவில் விவாதிக்காமல், நீங்களே பதில் எழுதாமல், பட்டியலையும் ஒப்புதல் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.